பார்ப்பவன் முகம்

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு லாரி ஓட்டிக் கைதேர்ந்த முதியவர் எவரையேனும் வாளையாறைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆற்றையோ அணையையோ அவர் சொல்லமாட்டார், சாவடியைத்தான் சொல்வார். சாலையோரமாக வெகுதூரம் நீண்டு நின்ற லாரி வரிசையையும், அந்த வரிசையிலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்துச் சாப்பிட்டு இரவைக் கழித்ததையும், மறுநாள் தம் முறை வந்தபோது சீட்டுக்கட்டோடு ஜன்னலண்டை போய் நின்றதையும், ஜன்னலுக்கு அப்பால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சரக்குப் பட்டியலையும் தம் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த குமாஸ்தாவையும் வர்ணித்துவிட்டு, அந்தக் குமாஸ்தாவின் ஊர், பேர், குணம் மூன்றையும் இன்றைக்கும் மறக்காமல் ஒப்புவிப்பார். 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்ததோடு வணிகவரிச் சாவடி எடுபட்டது. ஜன்னல் போயிற்று, குமாஸ்தாவும் போனார்.

பார்வை மட்டும் போகவில்லை. சரக்கு புறப்படுமுன்பே, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த வண்டியில், என்ன விலைக்குப் போகிறது என்பது இ-வே பில்லில் பதிவாகிவிடுகிறது. பாம்பம்பள்ளம் சுங்கச்சாவடியில், முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக் வில்லையை ஒரு யந்திரம் படித்து, டிரைவர் பைக்குள் கைவிடுவதற்கு முன்னமே கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறது. கேரளத்துச் சாலைகளிலோ கம்பத்தின் உச்சியிலிருந்து கேமரா ஒன்று, அவர் சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா, காதில் கைபேசியை வைத்திருக்கிறாரா என்று கவனித்துக்கொண்டிருக்கிறது. முன்பு ஒரு தடவை பார்க்கப்பட்ட பிரயாணத்தில் இப்போது பல தடவை பார்க்கப்படும் அந்த மனிதரிடம், பார்ப்பவர் யார் என்று கேட்டால், ஒரு பெயரைக்கூட அவரால் சொல்ல முடியாது. நான் பேச விரும்புவது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். உழைத்துப் பிழைக்கும் ஜனங்களுக்கு ஏகாந்தம் என்பது எக்காலத்திலும் வாய்த்ததில்லை. அவர்களுக்கு வாய்த்திருந்ததெல்லாம், தம்மைப் பார்க்கிறவனைத் தாமும் திருப்பிப் பார்க்கிற சௌகரியம். கைக்கடக்கமாகவும் கம்பத்தின் மீதும் வந்து சேர்ந்திருக்கும் புதிய கருவிகள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தச் சௌகரியத்தை என்பது என் அபிப்பிராயம்.

எல்லை என்ற சொல்லுக்கு இந்தப் பிரதேசத்தில் சற்று விளக்கம் வேண்டும். வடக்கே ஆனைகட்டியில் தொடங்கி, வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் இறங்கி, மீண்டும் மலையேறிச் சின்னார், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று போகும் இந்தக் கோடு, 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி ராஜ்யங்கள் பிறந்தபோது, தேவிகுளம் பீர்மேடு தாலுகாக்களைத் தமிழர்கள் எவ்வளவோ கோரியும், கேரளத்தின் பக்கம் விட்டுவிட்டுத் தீர்மானமான கோடு. ஆனால் மனிதர்களின் ஜீவனம் கோட்டைக் கேட்டு நடப்பதில்லை. விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் ஜீப் ஏறுகிற பெண்கள் உடும்பன்சோலையின் ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு மாலையில் தமிழ்நாட்டில் உலை வைக்கிறார்கள். மூணாற்று எஸ்டேட்டில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பத்துக்கு, வேலை ஓய்ந்ததும் குடியிருக்கும் எஸ்டேட்டு லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற பயத்தால், தேனிப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஒரு துண்டு மனையும் ஒரு சிறு வீடும் இருக்கும். இப்படி இரண்டு பக்கமும் காலூன்றி நிற்பவர்களுக்குச் சில சமயம் இரண்டு பக்கமும் ரேஷன் கார்டு இருக்கும். இரண்டு பக்கமும் வாக்கு இருப்பதாகத் தேர்தல்தோறும் இடுக்கியில் சர்ச்சை எழும். இரட்டை வாக்கு குற்றம்தான். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆயினும், காகிதப் பதிவேடுகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனி அலமாரிகளில் தூங்கிய காலத்தில் அந்த மனிதர்கள் இரு நாட்டிலும் அரைகுறையாகவேனும் பிரஜைகளாக இருந்தார்கள் என்பதும், ஆதார் எண்ணால் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய பிறகு அவர்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டே ஆகவேண்டியவர்களானார்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான ஜாதிச் சான்றிதழுக்கு, 1950க்கு முன்னமே தம் முன்னோர் கேரளப் பகுதியில் வசித்ததை ருசுப்படுத்தச் சொல்லும்போது அரசாங்கத்தின் ஞாபகம் மங்கலாக இருக்கிறது. அபராதம் விதிக்கும்போது அதே ஞாபகம் மிகவும் துல்லியமாகிவிடுகிறது.

நம் மொழியில் இந்த விவகாரத்துக்கென்று பழைய சொற்கள் இருக்கின்றன. அவற்றை நாம் இலக்கிய வகுப்போடு விட்டுவிட்டோம். அகத்துறைப் பாட்டில் காதலர் எவராயினும் அவர் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் கண்ட விதி. பெயர் சொன்ன மாத்திரத்தில் பாட்டு அகத்தை விட்டுப் புறத்துக்குப் போய்விடும். ஊரார் தமக்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், அது வாய்விட்டுப் பரவுவதை அலர் என்றும் பிரித்துப் பெயரிட்டவர்கள், பெயரில்லாமல் இருப்பதன் அருமையையும் ஊர்வாய்க்குள் அகப்படுவதன் துன்பத்தையும் நன்றாகவே அறிந்திருந்தார்கள். குறிஞ்சி பூக்கும் இந்த மலைகளைப் பாடிய காலத்து அலருக்கு மூன்று லட்சணங்கள் உண்டு. அதற்கு ஒரு வாய் இருந்தது. அந்த வாய்க்குரியவள் யார் என்று தலைவிக்குத் தெரியும். அதற்கு ஓர் எல்லை இருந்தது. அடுத்த ஊருக்குப் போனால் அது செல்லாது. அதற்கு ஒரு முடிவும் இருந்தது. கல்யாணம் ஆனதும் ஊர் வேறு பேச்சுக்குப் போய்விடும்.

எஸ்டேட்டு லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பழைய அலரே போதுமான உபத்திரவம். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். புருஷன் குடித்துவிட்டு வந்ததும், பெண் படிப்பை நிறுத்தியதும், யாருக்கு எவ்வளவு கடன் என்பதும் வரிசை முழுவதற்கும் தெரியும். அதனால் இவர்களுக்கு அந்தரங்கம் என்ற எண்ணமே இல்லை என்று முடிவுகட்டுவது பட்டணத்தார் செய்யும் பிழை. கேட்டும் கேளாததுபோல் இருப்பது, பார்த்த முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஒரு வீட்டு வழக்கை இன்னொரு லயத்தில் பேசாமலிருப்பது என்ற நாகரிகத்தை அந்தச் சுவர்களுக்குள் அவர்கள் வளர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு உன் வீட்டுச் சத்தம் எனக்குக் கேட்டால் நாளைக்கு என் வீட்டுச் சத்தம் உனக்குக் கேட்கும் என்ற பரஸ்பர பயமே அதற்குக் காவல்.

பரஸ்பரம் என்ற அந்தக் காவல் எப்படி உடைகிறது என்பதைக் கொரோனாக் காலம் வெளிச்சமாக்கிற்று. 2020 மே மாதத் தொடக்கத்தில், ஊரடங்கில் வெளி மாநிலங்களில் அகப்பட்டுக்கொண்டவர்கள் ஊர் திரும்புவதற்கென்று கேரள அரசாங்கம் ஆறு நுழைவாயில்களைக் குறித்தது; வாளையாறும் குமுளியும் அவற்றுள் இரண்டு. ‘கோவிட் 19 ஜாக்ரதா’ என்ற இணையவாசலில் பெயர், வயது, வண்டி எண், போகும் வீடு எல்லாவற்றையும் பதிந்து பாஸ் பெற்றவரே உள்ளே வரலாம். பாஸ் கிடைக்காமல் வாளையாற்றில் வெயிலில் நின்றவர்களுக்காக உயர்நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. நோயை நிறுத்த விவரம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்பு, தனிமைப்படுத்தப்பட்டவர்களின் உடல்நிலையை வீடுவீடாகக் கேட்டுத் திரட்டிய விவரங்களைத் தொகுத்து ஆராயும் வேலை, நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பிரிங்ளர் என்ற கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2020 ஏப்ரல் 24ஆம் தேதி நீதிபதிகள் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார்கள்: கம்பெனி கையில் போகுமுன் விவரங்களிலிருந்து ஆளை இனங்காட்டும் அடையாளங்களை நீக்கிவிட வேண்டும், இனிமேல் விவரம் தருகிறவரிடம், மூன்றாம் கை ஒன்று இதைப் பார்க்கக்கூடும் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும், அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது. கொள்ளைநோய் தீர்ந்த பிறகு விவரக் கொள்ளைநோய் ஒன்று வந்துவிடக்கூடாது என்பது நீதிபதிகளின் கவலை. அந்த உத்தரவைப் படித்தபோது, பெயர் சுட்டலாகாது என்ற அகத்துறை விதியை ஹைகோர்ட்டு பாஷையில் மறுபடியும் கேட்டதுபோல் எனக்குத் தோன்றிற்று.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, விவரம் கேட்டு வாசலில் நின்றவள் பெரும்பாலும் ஆஷா என்னும் சுகாதார ஊழியை என்பது. அவள் அடுத்த தெருப் பெண். அவளுடைய மாமியார் சண்டை இவர்களுக்குத் தெரியும், இவர்களுடைய சர்க்கரை வியாதி அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர் பதில் சொன்னது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து. சொன்ன பதில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு முகம் கிடையாது.

கேமராவின் கதைக்கு வருவோம். 2023 ஏப்ரல் 20ஆம் தேதி கேரள முதலமைச்சர் ‘சேஃப் கேரளா’ என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கெல்ட்ரான் நிறுவனம் அமைத்த 726 கேமராக்களில் 675, செயற்கை நுண்ணறிவால் தாமே குற்றம் கண்டுபிடிப்பவை. ஹெல்மெட் இல்லாத தலையையும் பெல்ட் இல்லாத மார்பையும் அவை பிடித்துக் கொடுக்கும். ஜூன் 5ஆம் தேதியிலிருந்து அபராதம். சாலையில் மண்டை உடைந்து சாவது குறைந்தால் நல்லதுதான். நான் கேமராவை நிந்திக்கவில்லை. ஆனால் அந்த மே மாதம் பத்திரிகைகளில் வந்த ஒரு செய்தியை மறக்கவும் முடியவில்லை. இடுக்கியைச் சேர்ந்த ஒருவர் திருவனந்தபுரத்தில் ஹெல்மெட் போடாமல் ஸ்கூட்டரில் போனார். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வண்டி மனைவியின் பெயரில் பதிவானது. ஆகவே அபராதச் செய்தியும் படமும் மனைவியின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தன. வழியில் ஏறிக்கொண்ட முன்பின் தெரியாத பெண் என்று அவர் சொன்னதை மனைவி ஏற்கவில்லை. சண்டை முற்றி, தன்னையும் குழந்தையையும் அடித்ததாக அவள் கொடுத்த புகாரின்பேரில் அவர் கைதானார். அடித்தது அவருடைய குற்றம். அதைக் கேமராவின் தலையில் போட முடியாது. ஹெல்மெட்டைத் தேட வைத்த கண் ஹெல்மெட்டோடு நிற்கவில்லை என்பதே இங்கு விஷயம். கோவைச் சாலைக் குமாஸ்தா இதே காட்சியைக் கண்டிருந்தால் சரக்கை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருப்பார்; அல்லது கண்ணைச் சிமிட்டியிருப்பார். பார்த்தவற்றுள் எதைப் பார்க்காததாகக் கொள்ளவேண்டும் என்ற விவேகம் மனிதக் கண்ணுக்கு உண்டு.

கையில் அடங்கும் கேமராவுக்கும் அந்தரங்க உரிமைக்கும் உள்ள உறவு பழையது. 1888இல் கோடக் பெட்டி விற்பனைக்கு வந்து, வழியில் போகிறவனைக் கேளாமலே படம்பிடிப்பது எளிதாயிற்று. 1890 டிசம்பரில் வாரன், பிராண்டைஸ் என்ற இரு பாஸ்டன் வக்கீல்கள், நம்மை நம் பாட்டில் விட்டுவிடும்படி கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு என்று எழுதினார்கள். அவர்களுடைய புகாரில் உடனுக்குடன் எடுக்கும் படங்களும் பத்திரிகைகளும் சேர்ந்தே இருந்தன. நூறு வருஷம் கழித்து அந்த உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றதற்குக் காரணமான வழக்கு தமிழ்நாட்டுச் சங்கதி: மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் பத்திரிகை தொடுத்து, 1994இல் உச்சநீதிமன்றம் தீர்த்த ராஜகோபால் வழக்கு. 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக அதை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். வாரனுக்கும் பிராண்டைஸுக்கும் கவலை, கௌரவமான குடும்பத்தின் உள்ளறைச் செய்தி வெளியே போகிறதே என்பது. உள்ளறையே இல்லாதவனுக்கு இந்த உரிமை என்ன பொருள்படும் என்ற கேள்வி அவர்கள் கட்டுரையில் எழவில்லை. அந்தக் கேள்வி அட்டப்பாடியில் எழுந்தது.

2018 பிப்ரவரி 22ஆம் தேதி, பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், மது என்ற ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து ஒரு கூட்டம் பிடித்து வந்தது. ஊராரோடு சேராமல் காட்டில், குகைகளில், தனியாக வாழ்ந்தவர் அவர்; வாரனும் பிராண்டைஸும் கனவு கண்ட ஏகாந்தத்தை இந்தப் பிரதேசத்தில் உண்மையாகவே அனுபவித்த ஒரே மனிதர் என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. கடைகளில் அரிசி முதலியவற்றைத் திருடினார் என்பது அவர்மேல் சுமத்தியது. கையைக் கட்டி, அடித்து, முக்காலி என்ற ஊருக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்களில் ஒருவன் கட்டுண்டு நின்ற அவரைப் பின்னணியில் வைத்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டான். போலீஸ் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மது இறந்துபோனார். படம் மட்டும் அன்றிரவே கேரளம் முழுவதும் நடமாடிற்று.

அந்தப் படத்தைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டும். கோடக் காலத்திலிருந்து நூற்றிருபது வருஷங்களாகப் படம் எடுக்கிறவன் பெரும்பாலும் படத்துக்கு வெளியே நின்றான். செல்ஃபியில்தான் அவன் உள்ளே வந்தான். எனவே இங்கே பார்ப்பவன் முகம் தெரிகிறது. நான் மேலே சொன்ன நியாயத்தின்படி இது நல்லதாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அவன் பார்வை மதுவின்மேல் இல்லை; தன் கைபேசித் திரையில் தெரியும் தன்மேலும், அந்தத் திரைக்கு அப்பால் இருக்கும் தன் சிநேகிதர்கள் மேலும் இருந்தது. எதிரே நிற்கும் மனிதன் திருப்பிப் பார்த்தாலும் அந்தப் பார்வை போய்ப் படுவதற்கு அங்கே கண் இல்லை. பழங்காலத்தில் திருடனைக் கம்பத்தில் கட்டிவைத்த ஊர்கள் உண்டு. அந்தக் கொடுமைக்கும் ஊர் என்ற எல்லையும், அந்தி என்ற முடிவும் இருந்தன. மதுவின் முகம் இன்றும் இணையத்தில் தேடினால் அகப்படுகிறது. அவர் தாயாரும் சகோதரியும் வருஷக்கணக்காக நீதிமன்றத்துக்கு நடந்தபோதெல்லாம் செய்திகளின் தலைப்பில் அந்த முகமே வந்து நின்றது.

இதன் மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மண்ணார்க்காட்டு விசேஷ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2022 செப்டம்பரில் ஒரு சாட்சி கூண்டில் நின்று, காட்டப்பட்ட படப்பதிவில் தாமே தெரிந்தபோதும், தமக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்றார். நீதிபதி அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். பார்வையில் கோளாறு இல்லை என்று பரிசோதனை சொல்லிற்று. மனிதர்கள் கண்டதைக் காணவில்லை என்றபோது, பிறழாமல் நின்ற சாட்சிகளில் கேமராப் பதிவுகளும் இருந்தன. 2023 ஏப்ரல் 4ஆம் தேதி பதினான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மறுநாள் அவர்களில் பதின்மூவருக்கு ஏழு வருஷக் கடுங்காவல். எந்தக் கருவி அவரை அவமானப்படுத்திற்றோ அந்த வகைக் கருவியே அவருக்காகப் பேசிற்று. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துப் பூஜ்யமாக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் அப்படியே நிற்கட்டும்.

காட்டுக்குள்ளேயே இப்போது கண்கள் முளைத்திருக்கின்றன. வாளையாற்றை ஒட்டிய மதுக்கரையில், ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் பன்னிரண்டு கோபுரங்களும் உஷ்ணத்தைக்கொண்டு உருவம் காணும் கேமராக்களும் கொண்ட ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கிற்று. நல்ல காரியம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டதை அந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. அரிக்கொம்பன் என்ற யானையோ, 2023 ஏப்ரல் 29ஆம் தேதி சின்னக்கானலில் மயக்க ஊசிபோட்டுப் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ பட்டையோடு பெரியாறு வனத்தில் விடப்பட்டு, ஒரு மாதத்துக்குள் பாஸ் ஏதும் வாங்காமல் எல்லை தாண்டிக் கம்பம் பட்டணத்துத் தெருவில் வந்து நின்றது. பட்டை அது இருக்குமிடத்தைச் சொல்லிற்றேயொழிய, போகுமிடத்தைச் சொல்லவில்லை. யானைக்கு அந்தரங்கம் உண்டா என்ற ஆராய்ச்சியை வேறு யாராவது செய்யட்டும். யானைக்காக வைத்த கண்ணில் மனிதரும் படுகிறார்கள் என்பதுதான் நம் கவலை. உத்தராகண்டத்து கார்பெட் புலிக் காப்பகத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்லாய், சேண்ட்புரூக் இருவரும் பதினான்கு மாதம் 270 பேரைப் பேட்டிகண்டு 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போகும் பெண்கள், வீட்டில் கிடைக்காத சுதந்திரத்தை அங்கே அனுபவித்தார்கள். புலியும் யானையும் விலகிப் போவதற்காகவும், மனம் லேசாவதற்காகவும் உரக்கப் பாடினார்கள். மரத்தில் கேமரா வந்தபின், யாரோ பார்க்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்; பழகாத உட்பகுதிகளுக்குப் போனார்கள். மறைவாக ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் கேமராவிலிருந்து உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனபோது, கிராமத்தார் கேமராக்களை உடைத்தார்கள். மதுக்கரையிலோ வாளையாற்றிலோ அப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி ஆடு ஓட்டிப் போகிற பெண்ணுக்கு, அந்தக் கோபுரத்தின் திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார், படம் எத்தனை நாள் வைக்கப்படும் என்று தெரிந்துகொள்ள ஒரு பலகையாவது அவள் மொழியில் இருக்க வேண்டும் என்கிறேன்.

மொழி என்ற பேச்சு வந்ததால் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குறைகள் பல உண்டு. அரசாங்கம் தன் அங்கங்களுக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ளலாம் என்பது அவற்றுள் பெரியது. ஆனால் இந்த எல்லைப்புறத்தார் கவனிக்க வேண்டிய ஒரு ஷரத்து அதில் இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ பெறும் வசதியை விவரம் தருகிறவருக்கு அளிக்க வேண்டும். அது நடைமுறைக்கு வந்தபின், தேவிகுளத்துத் தேயிலைத் தொழிலாளி, மலையாளத்தில் வரும் படிவத்தைத் தமிழில் கொடு என்று உரிமையோடு கேட்கலாம். கேட்பாரா என்பது வேறு. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து டீக்கடையில் நான் கண்டது இது: கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி, யார் கைபேசியில் பணம் அனுப்பினாலும் இத்தனை ரூபாய் வந்தது என்று மலையாளத்தில் உரக்கக் கூவுகிறது. கடைக்காரர் தமிழர், பணம் கொடுத்தவரும் தமிழர். பழைய பற்று நோட்டில் எழுதியிருந்ததைக் கடைக்காரர் மட்டுமே படிப்பார். பாக்கியைக் கேட்கும்போதுகூட ஆள் தனியாக இருக்கும் சமயம் பார்த்துக் கேட்பார். பெட்டிக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. தமிழில் பேச வைக்க முடியாதா என்று கேட்டேன். “முடியும்னாங்க சார், எப்படின்னு சொல்லல” என்றார்.

பார்க்கப்படுவதை எல்லோரும் எப்போதும் வெறுக்கிறார்கள் என்று இதையெல்லாம் படித்து யாரும் நினைத்துவிட வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், போனஸுக்காகத் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுத் தெருவில் உட்கார்ந்து ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்றபோது, டெலிவிஷன் கேமராக்களை அவர்கள் நேருக்கு நேர் பார்த்துத் தமிழில் பேசினார்கள். பேச்சை மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியது கேமராக்காரர்களின் பாடாயிற்று. அதற்கு முன் எத்தனையோ சுற்றுலாப் படங்களில், பச்சைச் சரிவில் முதுகு வளைந்த ஓர் அலங்காரமாக மட்டுமே வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஐந்து வருஷம் கழித்து நடந்தது பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால், மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டார்கள்; ஏறக்குறைய அனைவரும் தமிழ்த் தொழிலாளிகளும் அவர்கள் குழந்தைகளும். பெரும்பாலோர் வீட்டில் கைபேசி இருந்தது. மழையில் மின்சாரமும் தொடர்பும் இல்லை. குமுளியிலும் வாளையாற்றிலும் வண்டி எண்ணும் உடல்சூடும் அந்நேரம் பதிவாகிக்கொண்டிருந்த அதே மாநிலத்தில், ஒரு குடியிருப்பு மண்ணுக்குள் போனதை வெளியுலகம் மறுநாள் காலையில்தான் அறிந்தது. ஏழாம் தேதி மாலை கரிப்பூரில் விமானம் விழுந்தது. கேமராக்கள் அங்கே திரும்பின. பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம், கரிப்பூரில் பத்து லட்சம் என்று அறிவித்தது ஏன் என்ற கேள்வி அந்த வாரமே எழுந்தது. தேடுதல் பல நாள் நடந்தது. எட்டாம் நாள் போல், அந்த லயத்து நாய் ஒன்று ஆற்றோரத்தில் நின்று குரைத்து, தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைக் காட்டிக்கொடுத்தது. அந்த நாயின் படம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கைபேசிதோறும் போயிற்று. அதன் பெயர் இன்றும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை.